அம்மாவும் எழுபது பெண்டும் ஒரு கம்பியும்

ரெண்டு மாசமா இங்க எதுவும் எழுதல. சின்ன வெங்காய நடவு, நடுவுல கிணத்து மோட்டார் ஒரு தடவை எரிஞ்சு போச்சு, அப்புறம் ஆடிக் காத்து. மன்னிச்சுக்கங்க. இந்த வாட்டி வெள்ளாமை பத்தி எழுதல. காருக்கு அடியில கிடக்குற ஒரு கம்பியைப் பத்தி எழுதறேன். ஆனா அது கடைசியில எங்கம்மாகிட்டதான் போய் நிக்கும்.

எங்க ஊரு கொல்லிமலை அடிவாரம். காலையில எந்திரிச்சு வாசலுக்கு வந்தா முதல்ல மலைதான் கண்ணுல படும். காரவள்ளியில மலை ஏற ஆரம்பிச்சா மேல சோளக்காடு போய்ச் சேர்றதுக்குள்ள எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40. எங்களுக்கு 70. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்டு பலகை வெச்சிருப்பாங்க. நாங்க பெண்டுன்னுதான் சொல்லுவோம். சிட்டியில இருந்து வர்றவங்க அந்தப் பலகைகிட்ட நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. எங்களுக்கு அது கோயிலுக்குப் போற வழி.

கோயில்னா அறப்பளீஸ்வரர் கோயில். எங்கப்பா இருந்தவரைக்கும் வருசா வருசம் ஆடியில அம்மாவைக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல போயிட்டு வருவாரு. ஆடி பதினெட்டுல கூட்டம் தாங்காது, அதனால ரெண்டு நாள் முன்னாடியே போயிருவாங்க. அப்பா போனதுக்கப்புறம் அந்த வேலை என்னோடது. நான் காருல கூட்டிட்டுப் போனேன். சின்ன கார்தான், டீசல், வாங்கி பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. நாலு வருசம் போனோம். நாலு வருசமும் அம்மா வாந்தி எடுத்தாங்க. போன வருசம் ஆடி பொறந்ததும் "எப்பம்மா போலாம்?"னு கேட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே, "நான் வரல சாமி. இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்"னு சொல்லிட்டாங்க.

எங்கம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு. ஒரு விசயத்தை வேண்டாம்னு சொன்னா அது அத்தோட முடிஞ்சுது. எனக்குத் தொண்டையில என்னமோ அடைச்ச மாதிரி ஆயிருச்சு. "ஏம்மா?"ன்னேன். "வண்டி சாயுதுல்ல, குடல் வெளிய வந்துருது"ன்னாங்க. கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க: "உங்கப்பாவோட பஸ்ஸுல போனப்ப எனக்கு ஒண்ணும் ஆனதில்ல." அது எனக்கு சுருக்குனு குத்துச்சு. பஸ்ஸு நம்ம காரை விட உயரம், இன்னும் நல்லா சாயும். அப்படியிருக்க இது என்ன பேச்சுன்னு நினைச்சேனே தவிர, அது என்னன்னு யோசிக்கல. வண்டி சாயுதுங்கறதை மட்டும் பிடிச்சுக்கிட்டேன். சாயாம பண்ணிட்டா அம்மா வந்துருவாங்க. அவ்வளவுதான் என் கணக்கு.

எங்க அக்கா பையன் கோயம்புத்தூர்ல ஒர்க்‌ஷாப்புல வேலை பார்க்கறான். ரேஸ் வண்டி, ரேலி வண்டிக்கெல்லாம் வேலை செய்யற இடம். அவன்கிட்ட போன்ல கேட்டேன். "மாமா, முன்னாடி ஸ்டெபிலைசர் பாரை தடிமனா மாத்துனா சாய்றது குறையும். வளைவுல வண்டி கல்லு மாதிரி நிக்கும்"னான். நானும் நாலு வீடியோ பார்த்தேன். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரல.

அது என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். முன் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல குறுக்கால ஒரு இரும்புக் கம்பி ஓடும், ஸ்பிரிங் இரும்பு. ரெண்டு முனையும் மடங்கி ஒவ்வொரு சக்கரத்துப் பக்கமும் போயி லிங்க் ராடு வழியா மாட்டியிருக்கும். நடுப்பகுதியை ரப்பர் புஷ் வெச்சு வண்டியோட அடியில பிடிச்சிருப்பாங்க. வேகத்தடையில ஏறினா ரெண்டு சக்கரமும் ஒண்ணா மேல போகும், அப்ப கம்பி புஷ்ஷுக்குள்ள சும்மா உருளும், அதுக்கு வேலை இல்ல. ஒரு சக்கரம் மேல போயி இன்னொண்ணு கீழ இறங்கினாதான் வேலை. ஈரத் துண்டைப் பிழியற மாதிரி முறுக்கிக்கிட்டு, ரெண்டையும் சமமா இருன்னு இழுக்கும். நுகத்தடின்னு வெச்சுக்கங்களேன். ஒரு மாடு முந்தினா இன்னொண்ணையும் சேர்த்து இழுக்குதுல்ல, அது மாதிரி. வளைவுல கார் வெளிப்பக்கம் சாயறப்ப இந்த நுகத்தடிதான் சாயவிடாம பிடிக்குது. இது ஒண்ணும் புதுசு இல்ல. 1919லயே கனடாவுல ஸ்டீபன் கோல்மன்னு ஒருத்தரு இதுக்குப் பேட்டன்ட் வாங்கியிருக்காரு.

அதோட தடிமன்ல ஒரு வேடிக்கை இருக்கு. முறுக்குக்குத் தாங்கற சக்தி தடிமனோட நாலாம் அடுக்குல ஏறும். என் வண்டியில இருந்தது 20 மில்லிமீட்டர் கம்பி. 22 போட்டா ரெண்டே மில்லி வித்தியாசம், கையில எடுத்துப் பார்த்தாக்கூட தெரியாது. ஆனா விறைப்பு 46 சதவீதம் கூடிரும். 1.1ஐ நாலு தடவை பெருக்கிப் பாருங்க, 1.46 வரும். இதைக் கேட்டதும் நான் ஏதோ கிணறு வெட்டாமயே தண்ணி கண்ட மாதிரி ஆயிட்டேன்.

எங்க ஊரு மெக்கானிக் தம்பிகிட்ட வண்டியைக் கொண்டுபோனேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, உள்ள தலையை விட்டுப் பார்த்துட்டு வெளிய வந்தாப்புல.

"அண்ணா, உங்க கம்பியில குறை ஒண்ணும் இல்ல. அதைப் பிடிச்சிருக்கற புஷ் ரெண்டும் வெடிச்சுப் போச்சு. லிங்க் ராடு ஆட்டம் காட்டுது, டொக்கு டொக்குனு சத்தம் வருமே, அது இதுதான். ஷாக்கப்சர் ஒண்ணு ஆயில் விட்டிருக்கு. முன் டயரைப் பாருங்க, மொட்டை. இதை முதல்ல மாத்துங்க. பார்த்துட்டு அப்புறம் கம்பிக்குப் போலாம்."

நல்ல பேச்சு. கேட்டிருக்கலாம். ஆனா நான் மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டுத்தான் போயிருந்தேன். விவசாயிக்கு இந்த வியாதி உண்டு. மண்ணுல என்ன குறைன்னு பரிசோதனை பண்ணாமயே உரக்கடையில போயி மூட்டை இறக்குவோம்ல, அதேதான். புஷ்ஷும் லிங்க் ராடும் புதுசு போடு, கம்பியும் தடிமனாப் போடு, டயரும் ஷாக்கப்சரும் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னேன். டயருக்குக் காசு இல்ல, அதான் நிஜம். அக்கா பையன் கோயம்புத்தூர்ல கம்பியைச் சூடு பண்ணி வளைச்சு, பதம் போட்டு, பஸ்ஸுல ஏத்தி அனுப்பிட்டான். புரட்டாசியில மாட்டியாச்சு.

சேந்தமங்கலம் ரோட்டுல ஓட்டிப் பார்த்தேன். அடடா! ஸ்டீயரிங்கைத் திருப்பினா திருப்பின உடனே மூக்கு திரும்புது. சாயறதே இல்ல. ரெண்டு தடவை சும்மாவே போயிட்டுப் போயிட்டு வந்தேன். அம்பது வயசுல இது தேவையான்னு நீங்க கேக்கலாம். நல்லா இருந்துச்சுங்க, அதையும் சொல்லணும்ல.

சங்கடம் தோட்டத்துப் பாதையில ஆரம்பிச்சுது. எங்க வண்டிப்பாதை நீங்க பார்த்ததில்ல. டிராக்டர் போயிப் போயி ரெண்டு பக்கமும் பள்ளம், ஒரு பக்கம் முழங்கால் ஆழம், இன்னொரு பக்கம் மேடு. முன்னாடி ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கினா அந்தச் சக்கரம் மட்டும் இறங்கி ஏறும். இப்ப நுகத்தடி விறைச்சுக்கிச்சு. ஒண்ணு இறங்கினா அடுத்ததையும் இழுக்குது, மொத்த வண்டியும் இடமும் வலமும் ஆடுது. வீட்டுக்காரம்மா ஒரு நாள் முட்டைத் தட்டை மடியில வெச்சுக்கிட்டு வந்தா. "ஏனுங்க, தலை கண்ணாடியில மோதுது. காசு குடுத்து வண்டியைக் கெடுத்துட்டு வந்திருக்கீங்களா?"ன்னா. டிராக்டரைப் பாருங்க, அதோட முன் ஆக்ஸில் நடுவுல ஒரே ஒரு பின்னுல தொங்கும். இந்தச் சக்கரம் வரப்புல ஏறினா அந்தச் சக்கரம் பாட்டுக்கு கீழ நிக்கும். உழவு நிலத்துக்கு அப்படித்தான் வேணும். நான் தார் ரோட்டுக்கு ஆசைப்பட்டு மண் ரோட்டை மறந்துட்டேன். ஆனா அதைப் பொருட்படுத்தல. எனக்கு வேண்டியது மலைதானே.

ஐப்பசி முதல் வாரம் அம்மாவைத் தாஜா பண்ணினேன். "கோயிலுக்குக்கூட வேண்டாம்மா. பாதி மலை வரைக்கும் போயிட்டுத் திரும்பிரலாம். வண்டியை சரி பண்ணிட்டேன், சாயவே சாயாது." எம்பேச்சுக்காக வந்தாங்க. எலுமிச்சம்பழம் ஒண்ணை கையில வெச்சுக்கிட்டு பின் சீட்டுல உக்காந்தாங்க.

முதல் பத்து பெண்டு நல்லாத்தான் போச்சு. நான் பெருமையா கண்ணாடியில பார்த்துக்கிட்டே ஓட்டறேன். பதினாலாவது பெண்டுல "நிறுத்து"ன்னாங்க. கதவைத் திறக்கறதுக்குள்ள வாந்தி. தண்ணி குடுத்து, கைக்கல்லுல உக்கார வெச்சேன். கொஞ்ச நேரம் கீழ தெரியற சமவெளியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க:

"நெசந்தான் கண்ணு, சாயல. ஆனா தள்ளுது."

எனக்கு ஒண்ணும் புரியல. அவங்களே சொன்னாங்க. "முன்னாடியெல்லாம் வண்டி சாயும். சாஞ்சா நீ மெதுவா போவ. இப்ப சாயல, அதனால நீ விரட்டற. என்னைக் கொண்டுபோயி கதவுல ஒட்டுது."

ராத்திரி அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தாவதுல படிச்சதுதான், வளைவுல பக்கவாட்டுல தள்ற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 15 கிலோமீட்டர் வேகத்துல எடுத்த வளைவை 20ல எடுத்தா, ஏறினது அஞ்சுதான். தள்றது கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மடங்கு. ஸ்டெபிலைசர் பார் வண்டியோட உடம்பைத்தான் நேரா நிறுத்துது. உள்ள உக்காந்திருக்கற உடம்பு மேல விழற தள்ளலை அது ஒரு துளிகூட குறைக்காது. அதைக் குறைக்கறது என் வலது கால் மட்டும்தான். சாய்மானம் எனக்கு ஒரு தாக்கலா இருந்திருக்கு, போதும்டான்னு வண்டி சொல்ற தாக்கல். அந்த வாயைக் காசு குடுத்து நானே அடைச்சிட்டேன். அப்பாவோட பஸ்ஸு ஏன் ஒத்துக்கிச்சுன்னும் அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அந்த டிரைவர் அம்பது பேரை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பெண்டையும் ஊர்ந்துதான் எடுப்பாரு. பஸ்ஸு சாயத்தான் செய்யும், ஆனா மெதுவா சாஞ்சு மெதுவா எந்திரிக்கும்.

இத்தோட நிறுத்தியிருந்தா நான் புத்திசாலி. பத்து நாள் கழிச்சு மேல ஒருத்தர்கிட்ட மிளகுக் கொடி வாங்க தனியா போனேன். திரும்பி இறங்கறப்ப தூறல். அப்பவும் மெதுவாத்தான் வந்தேன்னு சொல்ல ஆசை, ஆனா பொய். நம்பர் சொல்ல மாட்டேன், நடு மலையில ஒரு பெண்டு. பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சேன். சக்கரம் திரும்பிருச்சு, வண்டி திரும்பல. மூக்கு நேரா தடுப்புச் சுவரைப் பார்த்துப் போகுது. சத்தம்கூட இல்ல, எண்ணெயில வழுக்கற மாதிரி. எப்படியோ ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பிவிட்டு பிரேக்கை விட்டேன், டயர் பிடிச்சுது. நிக்கறப்ப பம்பருக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி. சுவருக்கு அந்தப் பக்கம் என்னன்னு எட்டிப் பார்க்கல.

கை நடுக்கம் நிக்கறவரைக்கும் ஓரமா நிறுத்தியிருந்தேன். கீழயிருந்து ஒரு பழைய ஜீப் ஏறி வந்துச்சு. உள்ள எட்டுப் பேரு, மேல அரிசி மூட்டை, பின்னாடி ரெண்டு பேரு தொத்திக்கிட்டு. அது சாயற சாய்மானத்துக்கு நம்ம கார் ஒண்ணுமே இல்ல, தேரு மாதிரி ஆடிக்கிட்டு வருது. டிரைவர் நிறுத்தி, "என்னங்க, வண்டி மக்கரா?"ன்னாரு. சொன்னேன். இறங்கி வந்து முன் டயரைக் கையால தடவிப் பார்த்தாரு. "இது வழுக்கைங்க. மழையில இதை வெச்சுக்கிட்டு எப்படிங்க பிடிக்கும்?"ன்னு சிரிச்சாரு. நான் அவரு ஜீப்புக்கு அடியில குனிஞ்சு பார்த்தேன். பட்டை ஸ்பிரிங் இருந்துச்சு. அந்தக் கம்பியே இல்ல.

அக்கா பையனுக்குப் போன் பண்ணினேன். கொஞ்சம் திட்டவும் செஞ்சேன், பாவம். அவன் விளக்கினதை என் பாசையில சொல்றேன். வளைவுல வெளிப்பக்க சக்கரத்து மேலதான் பாரம் ஏறும். முன் கம்பியைத் தடிமனாக்கினா, முன்னாடி வெளிப்பக்க டயர் மேல இன்னும் பாரம் ஏறும், உள்பக்க டயர் தரையை லேசாத்தான் தொடும். ஒரு டயர்ல ரெட்டிப்பு பாரம் போட்டா பிடிமானமும் ரெட்டிப்பா வரும்னு நினைப்போம், வராது. ரெண்டு மாடு இழுக்கற சுமையை ஒரு மாட்டுமேல ஏத்தினா அது ரெண்டு மாட்டு வேலையா செய்யும்? அப்படித்தான். ரெண்டு டயரும் சேர்ந்து பிடிக்கறது மொத்தத்துல குறைஞ்சு போகும். என் வண்டிக்கு இன்ஜினும் முன்னாடி, இழுக்கறதும் முன் சக்கரம், இறக்கத்துல பிரேக் பிடிச்சா மிச்ச பாரமும் முன்னாடி வந்துருது. போதாததுக்கு மொட்டை டயர், மழை. மூக்கு வெளிய போகாம என்ன செய்யும்?

"அப்ப ரேலிக்காரங்க ஏன்டா போடறாங்க?"ன்னேன். சில வண்டிக்கு அது சரியா வரும் மாமா, சாயறப்ப டயரே ஓரத்துல நிக்கிற வண்டின்னா கம்பி போட்டா டயர் நல்லா பதியும். ஆனா அவங்க டயர், ஸ்பிரிங், ஷாக்கப்சர் எல்லாத்தையும் சேர்த்துத்தான் மாத்துவாங்கன்னான். முன்னாடி இழுக்கற வண்டிக்குப் பெரும்பாலும் பின்னாடி கம்பியைத்தான் விறைப்பாக்குவாங்களாம். நான் முன்னாடின்னு பிடிவாதம் பிடிச்சதால அவன் அதைச் சொல்லலையாம். பின்னாடி போட்டா வேற வம்பு, திடீர்னு ஆக்ஸிலரேட்டரை விட்டா வாலு வீசும். எனக்கு எந்தப் பக்கமும் வேண்டாம்டா சாமின்னு போனை வெச்சுட்டேன்.

கார்த்திகையில பழைய 20 மில்லி கம்பியே திரும்ப மாட்டியாச்சு. புதுசாப் போட்ட புஷ், லிங்க் ராடு அப்படியே இருக்கு. வெங்காயம் வித்த காசுல முன் டயர் ரெண்டு, ஷாக்கப்சர் ஒரு ஜோடி. மெக்கானிக் தம்பி ஒண்ணும் சொல்லல, லேசா சிரிச்சாப்புல. வண்டி இப்பவும் சாயுது. ஆனா முன்ன மாதிரி திடுதிப்புனு இல்ல, சத்தமும் இல்ல. அந்தத் திடுக்குன்னு விழற சாய்மானம் பூராவும் வெடிச்சுப்போன புஷ்ஷும் செத்துப்போன ஷாக்கப்சரும் பண்ணினது. உங்க வண்டி வளைவுல ஒரு மாதிரியா இருந்துச்சுன்னா புதுசா எதையும் வாங்கறதுக்கு முன்னாடி இருக்கறதை ஜாக்கி போட்டுத் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்க. புஷ்ஷு சல்லிசு.

இந்த வருசம் ஆடி. நான் ஒண்ணும் கேக்கல, கேக்கறதுக்குப் பயம். பதினஞ்சாம் தேதி சாயங்காலம் அம்மாவே, "நாளைக்கு அறப்பளீஸ்வரனைப் பார்த்துட்டு வரலாமா?"ன்னாங்க. விடிகாலை கிளம்பினோம். முன் சீட்டுல உக்கார வெச்சேன், ரோடு தெரிஞ்சா தலை சுத்தல் குறையும். ரெண்டு இட்டிலி மட்டும் சாப்பிட்டாங்க. காரவள்ளியில ஸ்பீடாமீட்டர் முள்ளைக் காட்டி, "இது பதினஞ்சைத் தாண்டினா சொல்லும்மா"ன்னேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு கண்ணு முள்ளு மேலயும் ஒரு கண்ணு பலகை மேலயும் வெச்சுக்கிட்டு வந்தாங்க. பின்னாடி பைக் பசங்க ஹாரன் அடிச்சுத் தள்ளினாங்க. ஓரங்கட்டி வழி விட்டேன். ஏழு தடவை முள்ளைச் சொல்லி அதட்டு வாங்கினேன்.

முப்பத்தி ரெண்டுல ஒரு தடவை, அம்பத்தி ஒண்ணுல ஒரு தடவை நிறுத்தச் சொன்னாங்க. வாந்திக்கு இல்ல, காத்து வாங்க. அம்பத்தி ஒண்ணுல நின்னப்ப, "உங்கப்பா இங்கதான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி பீடி குடிப்பாரு. டிரைவரும் இறங்கிக் குடிப்பாரு"ன்னாங்க. எனக்கு அது தெரியாது. நாலு வருசம் காருல விரட்டிக்கிட்டு போனதுல அந்த இடத்தைக் காட்டவே அவங்களுக்கு நேரம் இருந்திருக்காது.

செம்மேட்டுல டீ குடிச்சோம். கோயில்ல கூட்டம் இல்ல. ஆகாய கங்கைக்கு இறங்கற படிக்கட்டு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துட்டு, "இது அடுத்த ஜென்மத்துக்கு"ன்னு திரும்பிட்டாங்க. இறங்கறப்ப ரெண்டாவது கியரைத் தாண்டவே இல்ல. பெண்டுக்கு ஒண்ணாவது. வீடு வந்து சேர பொழுது சாஞ்சிருச்சு.

அந்த 22 மில்லி கம்பி மாட்டுக்கொட்டாய் மூலையில சாஞ்சு கிடக்கு. விலை, வளைப்புக் கூலி, பஸ்ஸு சார்ஜ், ரெண்டு தடவை மாட்டினது, கழட்டினது எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குப் பக்கம் வந்துச்சு. போன வாரம் அம்மா அதைக் காலால தட்டிப் பார்த்துட்டு, "இது என்னடா, நல்ல இரும்பா இருக்கு, எவ்வளவு ஆச்சு?"ன்னு கேட்டாங்க. பழைய சாமான் கடையில எடுத்ததுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.